ஆறு கம்பியும் ஒரு முழங்கையும்

முதலில் போனது சுண்டுவிரல். வெட்டுப்பட்டோ நசுங்கியோ போகவில்லை. கையில் இருந்தபடியே போனது.

வண்ணார்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்வது என் பகல் வேலை. நான் பழகிய விசைப்பலகையில், நெடிலுக்குப் போடுகிற துணைக்கால் இடது சுண்டுவிரலின் பொறுப்பு. அன்றைக்கு நான் அழுத்தினேன், விரல் அழுத்தவில்லை. திரையில் மாமனும் மாமியும் தாத்தாவும் வரிசையாகக் கால் ஒடிந்து கிடந்தார்கள். முதலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னவே, பொண்ணு வீட்டுக்காரன் மேல அம்புட்டுக் கோவமா? ஒருத்தருக்கும் கால விட்டு வைக்கலையே நீரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் அந்த விரலை வலது கையால் கிள்ளிப் பார்த்தேன். நகத்தின் தடம் பிறைபோல் விழுந்தது. வலி வந்து சேரவில்லை. எங்கேயோ வழியில் நின்றுவிட்டது.

சாயங்காலங்களில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். இருபத்தாறு வருடமாக ஒரே மெல்லிசைக் குழு. வரவேற்பு, கோயில் கொடை, சடங்கு, சர்ச் திருவிழா, யார் கூப்பிட்டாலும் போவோம். மேடையில் பின்வரிசை, டிரம்ஸுக்கு இடப்பக்கம், சாமியானாவின் துணி காற்றுக்கு முகத்தில் அடிக்கிற இடம், அதுதான் என் இடம். பாடுகிறவனைக் கேட்பார்கள், டிரம்ஸுக்குத் தலையாட்டுவார்கள், கீபோர்டுக்காரர் ஓடவிட்டால் விசிலடிப்பார்கள். பேஸ் பாட்டுக்கு அடியில் கிடக்கும். சேரன்மகாதேவிப் பக்கம் வயலில் தண்ணீர் பாய்ச்சினால் நாற்றுத்தான் தெரியும், தண்ணீர் தெரியாது, அந்த மாதிரி. உன் வாசிப்பைக் கேட்டேன் என்று யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. ஆனால் நான் நிறுத்தினால் மட்டும் எதையோ காணோமே என்று கூட்டம் திரும்பிப் பார்க்கும். இருபத்தாறு வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பாத்திர வாடகைக் கடையின் மாடியில் எங்களுக்கு ஒத்திகை. கீழே விசேஷத்துக்கு வாடகைக்கு விடும் அண்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். நான் தடிக் கம்பியில் மூன்றாம் கட்டத்தைச் சுண்டுவிரலால் அழுத்தி மீட்டினால், அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் கீழே ஓர் அண்டா "ம்ம்ம்" என்று பதில் சொல்லும். எங்களுக்கு அது பழகிய வேடிக்கை. குழுவை நடத்துகிற கீபோர்டு அண்ணாச்சி, அது கத்தினால்தான் அன்றைய ஒத்திகை ஒழுங்காக நடக்கிறது என்பார்.

விரல் போன அந்த மாதம் ஒருநாள் பாட்டின் நடுவில் அவர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார்.

"அண்டாச் சத்தத்தக் காணுமே வே."

"வாடகைக்குப் போயிருக்கும்," என்றேன்.

டிரம்ஸ் வாசிக்கிற தம்பி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். "அங்கனதான் கெடக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கம்பியை முறுக்குவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவருடைய இடது கை எனக்குப் பயம். நல்ல மனுஷர், நல்ல கை. ஆனால் இந்தப் பக்கத்துக் குழுக்களில் பேஸ்காரர்கள் ஒவ்வொருவராக இப்படித்தான் இறங்கிப் போனார்கள். கீபோர்டில் வலது கை பாட்டைப் பார்த்துக்கொள்ளும், இடது கை சும்மாதானே இருக்கிறது, அதில் பேஸை வாசித்துவிடலாம், வேனில் ஓர் ஆள் இடம் மிச்சம். தூத்துக்குடிக் குழு அப்படி, சாத்தான்குளத்துக் குழு அப்படி. எங்கள் அண்ணாச்சி மட்டும், "மரத்துல கம்பி அதிருதது வேற, பொத்தானு வேற," என்று என்னை வைத்திருந்தார். என் விரல் போன விஷயம் அவருக்குத் தெரிந்தால் அந்த 'வேற' எத்தனை நாளைக்கு நிற்கும்? யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவி அவள் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டில் கொட்டிய பிறகு.

அவள்தான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் முழங்கையின் உள்பக்கம் ஒரு விரலால் தட்டினார். சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம்போல் ஒன்று ஓடியது.

"இங்கன ஓடுத நரம்புதான். நசுங்குது. முழங்கைய ரொம்ப நேரம் மடக்கி வைக்காதீங்க. தலைக்குக் கைய வச்சிப் படுப்பீங்களா? போன காதுல வச்சிக்கிட்டே இருப்பீங்களா?"

இரண்டும் செய்வேன். இரண்டையும் விட்டேன். தூங்கும்போது முழங்கையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். நல்ல நோயாளியாக இருந்தேன். கிட்டாரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

சிக்கல் எனக்குக் கட்டங்களில் இருந்தது. பேஸின் கழுத்து நீளம். குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு இடையில் இருப்பதுதான் கட்டம், தலைப்பக்கம் அது அகலம், நடுவுக்கு வரவர நெருங்கும். ஆழமான சுரங்கள் எல்லாம் தலைப்பக்கம்தான். அங்கே சாண் விரிக்கிற மாதிரிக் கையை விரித்தால்தான் சுண்டுவிரல் போய் நிற்கும். நிற்க வேண்டிய விரல் நிற்கவில்லை என்றால் நடுக் கழுத்துக்கு வந்து நெருங்கிய கட்டங்களில் மூன்று விரலை வைத்து ஓட்டலாம். ஆனால் நாலு கம்பியில் ஆழம் அங்கே கிடைக்காது. அதற்கு இன்னொரு கம்பி வேண்டும், இன்னும் தடித்தது, இன்னும் கீழே இறங்குகிறது. ஐந்து கம்பிக் கிட்டாரில் அது உண்டு. ஆறு கம்பியில் மேலே மெல்லிசாக ஒன்றும் சேரும். அச்சகத்தில் வீணான பத்திரிகை அட்டைகளின் முதுகில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாட்டாக நடுக்கழுத்துக்கு மாற்றி எழுதினேன். ஐந்தாம் கட்டத்தில் கையை வைத்தால், ஆறு கம்பியில் எல்லாம் கைக்குள் வந்தன. கை எங்கும் போக வேண்டாம். பாட்டு கைக்கு வரும். அட்டை அட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது.

மதுரையில் ஒரு கடைக்குப் போய் ஐந்து கம்பியைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். கழுத்து கைக்கு அடக்கமாக இருந்தது, தடிக் கம்பி தொட்டதும் உறுமியது. மெல்லிசுக் கம்பி இல்லாததால் கை இரண்டு இடத்தில் மேலே ஏற வேண்டியிருந்தது. கடைக்காரர் ஆறு கம்பி தருவித்தால்தான் உண்டு என்றார். ஊர் திரும்பும்போதே எனக்கு ஆழ்வார்திருநகரி ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே ஓர் ஆள் இருந்தார். வேறு குழுவில் பேஸ். இந்த ஜில்லாவில் ஆறு கம்பி வைத்திருந்த ஒரே ஆள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். எங்கள் அண்ணாச்சி ஒருதரம் அவரிடமே, "ஓய், கச்சேரி முடிஞ்சதும் அதுலயே படுத்துக்கிடுவீரோ, கட்டிலுக்கு நாடா போட்ட மாதிரில்லா இருக்கு," என்று கேட்டுவிட்டார். அவரும் சிரித்தார். மாரடைப்பில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவருடைய மனைவி, கிடக்கிறது வந்து பாருங்கள் என்றார்.

பேருந்தை விட்டு இறங்கி நடந்தேன். ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு. வீட்டுச் சுவர்களில் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளம் போட்டுப்போன பழுப்புக் கோடு இன்னும் இருந்தது. ஒரு வீட்டுக்காரர் கோட்டுக்கு மேல் மட்டும் வெள்ளையடித்திருந்தார். அவர்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் தள்ளப் போனேன்.

"பையத் தொறங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொண்டி வெள்ளத்தோட போயிட்டு. கட்டித்தான் வச்சிருக்கேன்."

கட்டியிருந்ததைப் பார்த்தேன். அரைப் பென்சில் தடிமனில் ஒரு கம்பி, உலோக இழை சுற்றியது, இரண்டு முறுக்கு முறுக்கித் தூணோடு சேர்த்திருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எதற்காக நான் இங்கே வந்தேனோ அந்தத் தடிக் கம்பி, வெயிலிலும் பனியிலும் துருப்புள்ளி விழுந்து, ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மயினி, இது கிட்டாருக் கம்பில்லா?"

"ஆமா. கயிறு கட்டுனேன், மாடு கடிச்சி இழுத்துட்டுப் போவுது. இதுன்னா நிக்கு. அஞ்சாறு கம்பி கெடக்கே, ஒண்ணு போனா என்னன்னு உருவிட்டேன். அவிய இருந்தா என்னைய வெட்டிப் போட்டுருப்பாவ."

பெட்டி பரணில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தது. திறந்ததும் பூச்சிமருந்து வாசனை. கருஞ்சிவப்பு மரம், இலுப்பைக் கட்டை மாதிரி கனம். கழுத்து கோணவில்லையா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நேராக இருந்தது. பிறகு உலோகப் பட்டைகளைப் பார்த்தேன். கம்பி உரசி உரசிப் பள்ளம் விழுகிற இடம் அது. நடு நாலு கம்பிகளுக்குக் கீழே பள்ளம், அதுவும் தலைப்பக்கம் முதல் நாலைந்து கட்டங்களில் மட்டும். இரண்டு ஓரமும் புதுசு. நடுக்கழுத்தும் புதுசு. மனுஷர் ஆறு கம்பி வாங்கி, நாலு கம்பிக்காரனாகவே கடைசி வரைக்கும் வாசித்திருக்கிறார். செத்தவருடைய அந்தச் சின்ன டம்பத்தை நான் மட்டும் படித்துவிட்டேன். படித்ததைச் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் அந்த அம்மா. "அவிய நல்லா வாசிப்பாவளா?"

"நல்லா வாசிப்பாரு மயினி."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. எனக்கு அதுல எது அவிய சத்தம்னே தெரியாது. நாலஞ்சு தரம் கச்சேரிக்குப் போயிருக்கேன். டிரம்மு தெரியும், பாடுதது தெரியும். அவிய நிப்பாவ, கை ஆடும். எது அவிய சத்தம்னு புடிபடல. கேட்டா சிரிப்பாவன்னு கேக்காமலே இருந்துட்டேன்."

வீட்டில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை. மின்சாரம் இல்லாமல் பேஸ் கிட்டார் கொசு முனகுகிற அளவுக்குத்தான் கேட்கும். கேட்டில் இருந்த கம்பியை அவிழ்த்து வந்து மாட்டினேன். முறுக்கு விழுந்த இடம் தலைப்பக்கச் சுருளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சுதி சேர்த்தேன். கிட்டாரின் அடிப்பாகத்தை அவர்கள் வீட்டு மர அலமாரியின் கதவில் அழுத்தி வைத்து, அவரைக் கதவில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். தடிக் கம்பியை மீட்டினேன். வெள்ளத்தில் உப்பிய கதவு, மூடாத கதவு, முழுசாக உறுமியது. உள்ளே பாத்திரமோ பாட்டிலோ கிடந்து நடுங்கியது.

கையை எடுக்காமல் கேட்டார்: "இதுதானா?"

"இதுதான்."

அடங்கும் வரை நின்றார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இதுக்கா ஊர் ஊராப் போனாவ," என்றார். கேட்டைக் கட்ட வேறு ஏதாவது கொடுங்கள் என்றார். தேரடிக்கு நடந்து போய்ச் சங்கிலி ஒன்று வாங்கி வந்து கட்டிக் கொடுத்து, விலையையும் கொடுத்துவிட்டுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

துருப் பிடித்த கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்கு விட்டுச் சத்தம் திரும்பும். பேஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அடுப்பில் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு மனைவி நின்றாள்.

"என்னத்த அவிக்கீங்க?"

"கம்பி."

"சரியாப் போச்சு. உப்புப் போடட்டா?"

அந்தச் சில மாதங்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் வாசித்ததில்லை. கழுத்து பலகை அகலம். முதல் வாரம் கம்பிகள் கைக்குள் பிடித்த மீனாக நழுவின. பிறகு பிடிபட்டது. கையை ஐந்தாம் கட்டத்தில் நட்டுவிட்டு அசையாமல் நின்றேன். மூன்று விரல்கள் மட்டும் நடந்தன. ஆழம் என் மடிக்கே வந்தது. ஒத்திகையில் முதல்தடவை கேட்டில் நின்ற அந்தக் கம்பியை அழுத்தி மீட்டியபோது சின்ன அண்டாவைத் தாண்டி, ஒருநாளும் வாயைத் திறக்காத பெரியது ஒன்று கீழே முனகியது. டிரம்ஸ் தம்பி குச்சியைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏ, பிரியாணி அண்டா வே!" என்று அண்ணாச்சி கத்தினார். "முந்நூறு பேருக்குப் பொங்குதது! இத்தன நாளு எங்க வே வச்சிருந்தீரு இத?"

"கேட்டுல," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் எத்தனை மாதம் இருந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மரத்துப் போவது வலி மாதிரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவதில்லை. மோதிரவிரலின் ஒரு பக்கம் பஞ்சாகியது. பேருந்தில் சில்லறை எண்ணினால் நாணயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானை வலது கை மட்டும் போட்டது. கச்சேரி நடக்கிற சாயங்காலங்களுக்கு மறுநாள் மோசம் என்பதைக்கூட கவனித்தேன். வயசு என்று நினைத்தேன். ஈரக்காற்று என்று நினைத்தேன்.

மனைவி தையல்காரி. அளவு எடுக்காமல் அவளுக்கு எதையும் பார்க்கத் தெரியாது. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் இடது கையைத் தரையிலிருந்து எடுத்துத் திருப்பினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்கிற சதையைக் காணவில்லை. அங்கே ஒரு குழி. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் இரண்டு முன்கையையும் சுற்றினாள். இடதைச் சுற்றிவிட்டு மறுபடியும் வலது. மறுபடியும் இடது.

"அரை இஞ்சு கொறையுது," என்றாள். "நாளைக்கே டாக்டருட்டப் போவணும்."

"ஆவணி முகூர்த்தம் முடியட்டும்."

"முகூர்த்தம் முடியும். கை?"

"சும்மா கெட," என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசுவதில்லை. டேப்பை மடக்காமல் அப்படியே போட்டுவிட்டு மெஷினுக்குப் போனாள்.

ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு வரவேற்பு. பெரிய மண்டபம். மாலை ஆறரைக்குத் தொடங்கினோம். என் காலடியில் மானிட்டர், அதாவது வாசிக்கிறவனுக்கு அவன் சத்தத்தைத் திருப்பிக் கேட்கவைக்கிற சின்ன பாக்ஸ். அதில் என் சத்தம் தெளிவாக வந்தது. அங்கங்கே சுரம் சரியாக விழவில்லை, விரல் முழுசாக அழுத்தவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆனால் மண்டபத்தின் பெரிய பாக்ஸிலிருந்து சுவரில் மோதித் திரும்பி வந்த பேஸ் நன்றாகவே இருந்தது. கூட்டச் சத்தத்தில் பிழை அமுங்கிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். போன கல்யாணத்திலும் அப்படித்தான் நினைத்தேன். நல்லா விழுதே என்று ஒரு நாள் எனக்குள்ளேயே சொல்லியும் இருக்கிறேன்.

நாலாவது பாட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா போட்டோ எடுக்க மேடையின் பின்னால் வந்தார். கால் என் வயரில் தட்டியது. கிட்டாரிலிருந்து வயர் கழன்று தரையில் விழுந்தது. மானிட்டர் செத்தது. என் கை கம்பியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, கொசு முனகல் அளவுக்கு.

மண்டபத்தில் பேஸ் நிற்கவில்லை.

ஒரு சுரம்கூடத் தவறவில்லை. ஏறியது, இறங்கியது, என் வழக்கமான இடத்தில் என் வழக்கமான சறுக்கு ஒன்றைக்கூட சறுக்கியது. அண்ணாச்சியின் முதுகு எனக்கு நேராக இருந்தது. அவருடைய இடது தோள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. குனிந்து வயரை எடுத்தேன். மாட்டவா வேண்டாமா என்று பாதிப் பாட்டு வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மாட்டினேன். மீதி இரண்டு மணி நேரமும் வாசித்தேன். ஏன் என்று தெரியவில்லை. மேடையில் நிற்கிறவனுடைய கை சும்மா இருந்தால் அசிங்கம் என்று தோன்றியது.

கடைசிப் பந்தியில் எங்களுக்கு இலை போட்டார்கள். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து அண்ணாச்சி?"

"எது?" அப்பளத்தை நொறுக்கினார்.

"ஒங்க எடது கை."

சாதத்தைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். "ஆனிலருந்து."

"எல்லாக் கச்சேரியும்?"

"எல்லாந்தான்."

"எனக்கு மானிட்டர்ல வந்துதே."

"அது நான் சொல்லி வச்சது. சவுண்டு மிக்சர்க்காரன்ட்ட, அவரு சத்தத்த வெளிய எறக்கிட்டு அவருக்கு மட்டும் விடுலேன்னு சொன்னேன். ஒம்ம சத்தம் ஒமக்குக் கேக்கலன்னா நீரு நிக்க மாட்டீருல்லா."

டிரம்ஸ் தம்பி எதிர்வரிசையில் இலையையே பார்த்துக்கொண்டு, "அண்ணே, ரசம்," என்று யாரையோ கூப்பிட்டான். அப்போது ரசக்காரர் யாரும் அங்கே இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே," என்றேன்.

"நீரு எங்கிட்ட சொன்னீரா?" கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார். உடனே தணிந்தார். "அண்டா நின்னு போச்சு வே. மொதல்ல பெரிசு, அப்புறம் சின்னது. நீரு வாசிக்கீரு, மூஞ்சிய வேற சந்தோசமா வச்சிருக்கீரு, கீழ ஒண்ணும் சத்தத்தக் காணும். ஒருநா எறங்கிப் போயி அண்டாவத் தட்டியும் பாத்துட்டு வந்தேன், அது நல்லாத்தான் இருக்கு." பாயசத்தை என் இலைப்பக்கம் தள்ளினார். "சாப்பிடும். வயித்தக் காயப் போடாதயும்."

சாப்பிட்டேன். சூடாக இருந்ததா இனிப்பாக இருந்ததா என்று நினைவில்லை.

டாக்டர் குழியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்கக் கூடாதே என்றார். கையை மடக்கி என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயால் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி இல்லாத கிட்டாரைத் தோளில் மாட்டி, இல்லாத கழுத்தை ஐந்தாம் கட்டத்தில் பிடித்துக் காட்டினேன்.

"இப்பிடியேவா? எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். வீட்டுல ரெண்டு."

"மொழங்கையப் பாருங்க."

பார்த்தேன். மடங்கிக் கிடந்தது. நாலு கம்பி நாட்களில் கை தலைப்பக்கம் நீண்டு கிடக்கும், முழங்கை அகலத் திறந்திருக்கும். விரல் படுகிற பாட்டைக் குறைக்கக் கையை நடுவுக்குக் கொண்டுவந்து நட்டேன். நட்ட இடத்தில் முழங்கை மடங்கி மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம், மாதக்கணக்கில் அசையாமல் இருந்தது. அட்டை அட்டையாகக் கட்டம் போட்டு விரலை எண்ணினேன். எந்த அட்டையிலும் முழங்கையை வரையவில்லை. தூக்கத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தவன், விழித்திருக்கிற நேரத்தில் மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னாரே, காது கேட்டதே. பேஸ் வாசிக்கிறவன் கை என்றால் விரல் என்றுதான் நினைப்பான்.

மனைவி ஆட்டோ பிடித்தாள். வரும்போது கொக்கிரகுளம் பாலத்தில் நெரிசல். கீழே ஆறு மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆழ்வார்திருநகரிக்காரர் ஞாபகம் வந்தார். நாங்கள் சிரித்த ஆள். ஆறு கம்பியைச் சுமந்துகொண்டு தலைப்பக்கம் நாலு கட்டத்தில், கையை நீட்டி, பழைய மாதிரியே வாசித்துவிட்டுப் போனவர். அவர் கை கடைசி வரைக்கும் கெடவில்லை. டம்பத்துக்கு வாங்கியவர் தப்பித்தார். யோசித்து வாங்கியவன் மாட்டிக்கொண்டேன்.

முழங்கையை அறுத்து நரம்பை வேறு பக்கம் மாற்றி வைத்தார்கள். போனது வருமா என்று கேட்டதற்கு, மிச்சம் போகாமல் இருக்கும் என்றார்கள். கை மடங்காதபடி தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை அட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அண்ணாச்சி பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். கிளம்பும்போது சுவரோரம் கிட்டாரைப் பார்த்துவிட்டு, "கம்பிய எறக்கி வையும், கழுத்து வளைஞ்சிரும்," என்று மட்டும் சொன்னார்.

இறக்கவில்லை. கட்டோடு ஒரு மத்தியானம் கிட்டாரை மடியில் எடுத்து வைத்தேன். இடது கை பக்கத்தில் கழி மாதிரி நீண்டு கிடந்தது. வலது கைக்கு ஒன்றும் இல்லையே. அழுத்தாமல் விட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டினேன். அழுத்த ஆள் இல்லாவிட்டால் ஒரு கம்பிக்கு ஒரு சுரம். மொத்தம் ஆறு சுரம். நாலு கம்பியாக இருந்திருந்தால் நாலுதான் இருக்கும். இத்தனைக்கும் பிறகு ஆறு கம்பி எனக்குக் கொடுத்த லாபம் அந்த இரண்டு. சிரிப்பு வந்தது, அது நல்ல சிரிப்பில்லை.

அடிப்பாகத்தைப் பீரோவில் சாய்த்தேன். கேட்டில் நின்ற கம்பியை மீட்டினேன். பீரோ, ஜன்னல் கண்ணாடி, சுவர் ஆணியில் தொங்கிய சாவிக் கொத்து எல்லாம் ஒருதரம் விழித்துக்கொண்டன. மறுபடி மீட்டினேன். மறுபடி. வேறு பாட்டு எதுவும் அதில் இல்லை.

அடுத்த அறையில் மெஷின் நின்றது.

"ஏங்க, அந்தத் தடிக் கம்பியக் கொஞ்சம் நிறுத்துங்க. மேசையெல்லாம் அதிருது. ஊசில நூலு கோக்க முடியல."

உள்ளங்கையைக் கம்பியின் மேல் வைத்து அமுக்கினேன். சாவிக் கொத்து கடைசியாக அடங்கியது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"கோத்துட்டேன்," என்றாள்.